எடையில்லாத கோப்பையும் என் வலது கையும்

என் வலது கை வேலைநிறுத்தம் செய்த காலையில் நான் துவரம்பருப்புப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். முடிச்சுப் போட விரலை மடக்கினேன், விரல் கேட்கவில்லை. பொட்டலம் அவிழ்ந்து பருப்பு முழுக்க மேஜையில் கொட்டியது. எதிரே நின்ற வாடிக்கைக்காரர், "அண்ணாச்சி, ஒங்க வாயி ஒரு பக்கமாப் போகுது" என்றார். "ஒன் வாயிதான்டா போகும்" என்று நான் திட்டியதாக எனக்கு நினைவு. வெறும் குழறல்தான் வந்தது என்று அவர் இன்றைக்கும் சாதிக்கிறார். பக்கவாதம் என்று சொல்லி மதுரைக்குக் கொண்டுபோய்ப் போட்டார்கள். அங்கிருந்த டாக்டர்கள் நாக்கையும் காலையும் மீட்டுக் கொடுத்துவிட்டு, கைக்கு மட்டும் "பயிற்சி பண்ணுங்க, போகப் போக வரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அருப்புக்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருப்பவனுக்குக் கால் இல்லாவிட்டால்கூடச் சமாளிக்கலாம். நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிற தொழில்தான். வலது கை இல்லாவிட்டால் பிழைப்பே இல்லை. எங்கள் பக்கம் சரக்கை இடது கையால் நீட்டினால் யாரும் வாங்க மாட்டார்கள். திட்டவும் மாட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து கடையில் உட்கார்ந்த முதல் நாளே, திருச்சுழிப் பக்கத்து அம்மா ஒருவருக்கு இடது கையால் சீனிப் பொட்டலத்தை நீட்டினேன். "கீழ வைங்க அண்ணாச்சி, எடுத்துக்கிறேன்" என்றார். குரலில் அவ்வளவு பரிவு. அதற்குப் பதில் ரெண்டு வசவு கிடைத்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். அடுத்து வந்தவர்களும் அதேபோலக் கீழே வைக்கச் சொல்லி எடுத்துக்கொண்டார்கள். சாமிக்குப் படையல் வைப்பது போல ஒவ்வொரு பொட்டலத்தையும் மேஜையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் என் மனைவியின் தம்பி வந்து சேர்ந்தான். விருதுநகரில் செல்போன் கடை வைத்து, அதை முறையாக மூடியும் காட்டியவன். "அத்தானுக்குச் சரியாகுற வரைக்கும் நான் பாத்துக்கிறேன்" என்று கல்லாவில் உட்கார்ந்தான். கொஞ்ச நாளில் என் முக்காலி பின்பக்கம் வத்தல் மூட்டைகளுக்கு நடுவே போய்விட்டது. அது இருந்த இடத்தில் சுழலுகிற நாற்காலி ஒன்று வந்தது. பிறகு, கடைப் பெயரை மாற்றி எழுதலாமா என்று பேச்சுவாக்கில் கேட்டான். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான் என்பார்கள். நான் இடமே கொடுக்கவில்லை, என் கை கொடுத்துவிட்டது. கை வந்தால் கடை என்னுடையது, வராவிட்டால் அவனுடையது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிசியோதெரபி கிளினிக் இருக்கிறது. கைக்குப் பயிற்சி செய்ய மனைவியோடு அங்கேதான் போனேன். அதை நடத்துகிற டாக்டருக்குப் புது மெஷின் எது வந்தாலும் வாங்கிவிட வேண்டும். வாங்கிய மறுநாள் வாசலில் அவர் படத்தோடு ஃப்ளெக்ஸ் போர்டு நிற்கும். அந்த முறை நின்ற போர்டில் 'இனி உங்கள் சிகிச்சை மெய்நிகர் உலகில்!' என்று எழுதியிருந்தது. மெய்நிகர் என்றால் என்ன என்று என் மனைவி கேட்டாள். மெய் மாதிரி இருக்கும், ஆனால் மெய் இல்லை என்றேன். "அப்பப் பொய்யின்னு போட வேண்டியதுதான?" என்றாள்.

உள்ளே வேலை பார்த்தது திருச்சுழியிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஒரு பிசியோதெரபிஸ்ட். முப்பது வயதுப் பெண். சிரிப்பைச் செலவழிக்க மாட்டாள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் காட்டு வேலைக்குப் போய் அவளைப் படிக்க வைத்தார்கள் என்று என் மனைவி முதல் நாளே விசாரித்துச் சொல்லிவிட்டாள். நான் முக்கினால், "நல்லா முக்குங்க அண்ணாச்சி, கையி இன்னும் அசையல" என்பாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம். மற்ற எல்லோரும் என்னிடம் கைக்குழந்தையிடம் பேசுவது போலப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வி.ஆர். என்று அவர்கள் சொன்னது தலையில் மாட்டுகிற ஒரு பெட்டி. அரைக் கிலோ சீனியை நெற்றியில் கட்டித் தொங்கவிட்டது போல இருந்தது. உள்ளே இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாகப் படம் ஓடும். மாட்டியதும் நான் வேறொருவர் வீட்டு அடுப்படியில் நின்றேன். பளிங்குக் கல் மேடை, ஆளுயர ஃபிரிட்ஜ், ஜன்னலுக்கு வெளியே ஒரே பச்சை. அவ்வளவு பச்சையை எங்கள் பக்கம் பார்க்க வேண்டுமென்றால் ஐப்பசியில் நல்ல மழை பெய்து கம்பு முளைத்திருக்க வேண்டும். மேடைமேல் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைக்க வேண்டுமாம். என் வீட்டு அடுப்படியில் ஒரு நாளும் செய்யாத வேலையை வெளிநாட்டுக்காரன் அடுப்படியில் செய்ய வேண்டியதாயிற்று. என் மனைவிக்கு அதில் இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

என் கை இருக்க வேண்டிய இடத்தில் நீல நிறக் கை ஒன்று மிதந்தது. நான் அசைத்தால் அசையும். பெட்டியின் முன்பக்கம் இருக்கிற காமிராக்கள் என் கையைப் பார்த்துப் பார்த்து அதை வரைகின்றன என்று அந்தப் பெண் சொன்னாள். சரி என்று முதல் கோப்பையை நோக்கி நீட்டினேன். நீலக் கை கோப்பையைத் தாண்டிப் போய்விட்டது. பின்னால் இழுத்தேன், எட்டாமல் இந்தப் பக்கம் நின்றது. கோப்பை இரண்டாகத் தெரிந்தது, பிறகு ஒன்றாயிற்று, பிறகு ஒன்றரையாயிற்று. எனக்கு வியர்த்துவிட்டது. கையில்தான் கோளாறு என்று நினைத்திருந்தேன், இப்போது கண்ணும் போய்விட்டதா என்று பயந்தேன்.

இதில் இன்னொரு கொடுமை, நான் பார்ப்பது சுவரில் இருந்த டி.வி.யிலும் தெரியும். என் மனைவி அங்கே உட்கார்ந்துகொண்டு, "இன்னுங் கொஞ்சம் முன்னாலங்க. அந்தா இருக்குல்ல, அதக்கூடவா புடிக்கத் தெரியல?" என்று வழிகாட்டினாள். அவள் பார்ப்பது தட்டையான படம். அதில் முன் ஏது, பின் ஏது? ஆனால் வெளியே நிற்கிறவர்களுக்கு எப்போதுமே எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. கிரிக்கெட் பார்க்கிறவர்கள் மட்டையடிக்கிறவனுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லையா? அந்த ரகம்தான்.

பிசியோதெரபிஸ்ட் பெட்டியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "முன்னால வந்தவுக சின்ன மொகம். லென்சு ரெண்டும் அவுக கண்ணுக்கு வச்சபடியே கெடக்கு" என்றாள். அடியில் எதையோ திருகி, என் இரண்டு கண்ணுக்கும் நடுவே உள்ள தூரத்துக்கு மாற்றினாள். மறுபடி மாட்டியதும் கோப்பை நல்ல பிள்ளையாக ஒன்றாகி, கிட்டே வந்து நின்றது. எடை போடுவதற்கு முன் தராசு முள்ளைப் பார்க்காத வியாபாரி உண்டா? இந்த லட்ச ரூபாய் மெஷினை, அதைக்கூடப் பார்க்காமல் ஆளின் தலையில் மாட்டுகிறார்கள்.

அப்படியும் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. பக்கவாட்டில் எதுவும் தெரியாது. ஜட்கா குதிரைக்குக் கண்ணோரம் பட்டை கட்டிய மாதிரி, நேரே இருப்பது மட்டும்தான் உலகம். அலமாரியைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பினால் கோப்பை இருந்த மேடை மறைந்துவிடும். கோப்பையைப் பார்த்தால் அலமாரி போய்விடும். கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்ற கதையாகக் கழுத்து வலிதான் மிச்சம். அதோடு, கோப்பை மேடைமேல் உட்கார்ந்திருக்கிறதா, ஒரு சாண் மேலே மிதக்கிறதா என்பதும் தெரியவில்லை. அதற்கு நிழல் இல்லை. நிழல் இருந்தால்தான் ஒரு பொருள் எங்கே நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. படம் வேகமாக ஓட வேண்டும் என்று யாரோ நிழலை நிறுத்தி வைத்திருந்தார்களாம். எங்கள் ஊரில்தான் நிழல் கிடைக்காது என்றால், போன இடத்திலும் அதே கதை. அவள் நிழலைப் போட்டுவிட்டதும் என் கை கொஞ்சம் புத்தியோடு போய் வந்தது.

வெயில் நேரத்தில் பெட்டி சூடாகிவிடும். சூடானால் நான் கையை நீட்டி முடித்த பிறகு நீலக் கை சாவகாசமாகக் கிளம்பி வரும், அரசு ஆபீசில் ஃபைல் நகர்வது மாதிரி. அதற்காக நான் காத்திருந்து பிடிப்பதற்குள் அது கோப்பையைத் தாண்டிப் போயிருக்கும். ஆகவே காலையில் முதல் ஆளாகப் போகத் தொடங்கினேன்.

எனக்கு ஆறவே ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அந்தக் கோப்பைக்கு எடை இல்லை. இத்தனை வருஷமாக இந்தக் கையால் உளுந்து அள்ளியிருக்கிறேன், மல்லி அள்ளியிருக்கிறேன். அள்ளும்போதே கால் கிலோவா, அதற்குக் கம்மியா என்று உள்ளங்கை சொல்லிவிடும். அந்த அடுப்படியில் கோப்பையைத் தூக்கினால் கைக்கு எந்தச் செய்தியும் வரவில்லை. பிடித்திருக்கிறேனா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நாங்கள் எடை குறைத்துப் போட்டால் கேஸ். எடையே இல்லாமல் போட்டால் அதற்குப் பெயர் தொழில்நுட்பம்.

இருந்தாலும் ஒரு மாதத்தில் நான் கெட்டிக்காரனாகிவிட்டேன். கை கிட்டே போனதும் கோப்பை பச்சையாக மின்னும். அடுத்த நொடி நீலக் கைக்குள் இருக்கும். அலமாரியில் கொண்டுபோய் வைத்தால் மணி அடிக்கும், மார்க் ஏறும். ஒரு நாள் நூற்றுக்கு நூறு வந்தது. என் மனைவி தெருவுக்கே சீனி மிட்டாய் கொடுக்காத குறை. என் மச்சினன் கடையிலிருந்து போன் போட்டு, "அத்தான், அப்பப் பாதி சரியாயிருச்சுன்னு சொல்லுங்க" என்றான். குரலில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் வீட்டில் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். நூற்றுக்கு நூறு வாங்கிய கையாயிற்றே என்று வலது கையால் டம்ளரை எடுத்தேன். எடுத்தேன் என்று சொல்வது அதிகப்படி. விரல்கள் டம்ளரைத் தொட்டன, தள்ளின, காப்பி என் வேட்டியில் இருந்தது. நல்ல சூடு. கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போவேன் என்றானாம். நான் வைகுண்டமே போய்வந்துவிட்டேன், கோழிதான் இன்னும் கூரைமேல் நிற்கிறது.

மறுநாள் அந்தப் பெண்ணிடம் கத்தினேன். "அங்க புடிக்குது, இங்க புடிக்கலையே, என்ன வைத்தியம் பாக்குறீக?" அவள் கோபப்படவில்லை.

"அண்ணாச்சி, அதுல ஒதவி போட்டுருக்கு. ஒங்க கை கிட்டக்க போனாப் போதும், கப்பு தானா வந்து ஒட்டிக்கிரும். நீங்க வெரலயே மடக்கலைனாலும் புடிச்சதாக் கணக்கு வச்சுக்கிரும்."

"அப்ப அந்த நூறு மார்க்கு?"

"முக்காவாசி மெசினு வாங்குனது."

எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. உதவியை ஏன் போட்டு வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். மார்க் ஏறினால் வருகிறவர்களுக்கு உற்சாகம் குறையாது, விடாமல் வருவார்கள், ஆகவே யாருக்கும் அதை எடுக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவாம். அவளே பலதடவை சொல்லிப் பார்த்தாளாம். ஒட்டிக்கொள்கிற கோப்பையை வைத்துக்கொண்டு ஒரு மாதம் என்னை ராஜாவாக்கி ஆடவிட்டிருக்கிறார்கள். எனக்கு உற்சாகம் வேண்டாம், கை வேண்டும் என்று சொன்னேன். "எடுத்து விடு தாயி. நான் பிச்சை வாங்கித் தின்ன மாட்டேன்."

"எடுத்தா சைபர்தான் வரும். அப்பறம் வரமாட்டேன்னு சொல்லக் கூடாது."

"வாரேன். எடு."

எடுத்தாள். சைபர்தான் வந்தது. கோப்பைகள் சுற்றிலும் உருண்டன. தரையில் விழுந்து நொறுங்கினால்கூடச் சத்தம் நன்றாகத்தான் இருந்தது. வாரக்கணக்கில் அப்படியே போயிற்று. என் மனைவி டி.வி. பார்ப்பதை நிறுத்திவிட்டு, வாசல் பக்கம் திரும்பி உட்கார ஆரம்பித்தாள். அந்த நாட்களில் எனக்குத் தூக்கம் வரவில்லை. இனிமேல் வாழ்நாள் முழுக்கப் பொட்டலத்தைக் கீழே வைத்து எடுக்கச் சொல்கிறவனாகவே இருந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. பிறகு மெல்ல மெல்ல, விரலை நானே சுருட்டி ஒரு கோப்பையைப் பிடித்தேன். ஒன்றே ஒன்று. அன்றைக்கு வந்த மார்க்கை யாரிடமும் சொல்லவில்லை.

ஆயுத பூஜை வந்தது. கிளினிக்கிலும் பூஜை போட்டார்கள். எங்கள் கடையிலிருந்து பொரியும் கடலையும் நாட்டுச் சர்க்கரையும் போயிற்று. கூடவே என் மனைவியும் போனாள். புருஷன் கையை மீட்டுத் தரப்போகிற மெஷினுக்குத் தன் கையாலேயே பொட்டு வைக்க வேண்டும் என்பது அவள் ஆசை. நான் போகவில்லை. கடையில் தராசுக்கு யார் பொட்டு வைப்பது என்பதில் மச்சினனோடு எனக்கு ஒரு சின்ன யுத்தம் நடந்துகொண்டிருந்தது. இடது கையால் வைக்கக் கூடாது என்று அவன் சொன்னான், அது நியாயம்தான், ஆகவே அவனே வைத்தான்.

மறுநாள் விஜயதசமி. எதைத் தொட்டாலும் விளங்குகிற நாள் என்று மனைவி என்னை இழுத்துக்கொண்டு போனாள். கடை திறப்பதற்கு முன்னால் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மச்சினனும் கூட வந்தான். அக்கறை. கிளினிக்கில் இருந்த எல்லா மெஷின்களும் பட்டையும் பொட்டுமாக மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குப் போகிற மாதிரி நின்றன. பூஜை போட்ட பொட்டை யாரும் மறுநாளே துடைக்க மாட்டார்கள். அந்தப் பெண் பெட்டிக்குள் இருக்கிற லென்சை மட்டும் துடைத்துவிட்டு என் தலையில் மாட்டினாள்.

முதல் கோப்பை எனக்கு நேரே இருந்தது. பிடித்தேன். நானே பிடித்தேன், மெஷின் அல்ல. பின்னால் மச்சினன், "ஏ அப்பா" என்றான். அந்த 'ஏ அப்பா' காதில் தேனாக இறங்கியது. அலமாரி என் வலது பக்கம். கோப்பையோடு கையை அந்தப் பக்கம் கொண்டுபோனேன். பாதி வழியில் நீலக் கை நின்றது. மணிக்கட்டு ஒரு முறுக்கு முறுக்கிக்கொண்டது. பிறகு கை இல்லை.

இடது கை இருந்தது. வலது கை இல்லை. கையை அசைத்தேன், அசைத்ததாக நினைத்தேன், எதிரே வெறும் அடுப்படிதான் இருந்தது. வாதம் வந்ததிலிருந்து அந்தக் கையில் தொட்டால் தெரிவது பாதிக்கும் கம்மி. கை எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். பார்க்க முடியாத கை எனக்கு இல்லாத கைதான். இரண்டாவது தடவை வந்துவிட்டது என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டாவது வந்தால் பிழைப்பது கஷ்டம் என்று மதுரையில் பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்லியிருந்தார்.

"கை போச்சு! ஏய், கை போச்சுடி!" என்று அலறினேன்.

அப்புறம் நடந்தது பூராவும் திருவிழா. என் மனைவி, "அய்யோ, என்னப் பெத்த தாயி" என்று ஓடிவந்தாள். மச்சினன் ஆம்புலன்சுக்குப் போன் போட்டான். அவ்வளவு வேகமாக அவன் ஒரு சரக்குக்கும் ஆர்டர் போட்டு நான் பார்த்ததில்லை. டாக்டர் ஓடிவந்து என் தலையிலிருந்த பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, "சிரிங்க அண்ணாச்சி" என்றார். வாதம் வந்திருக்கிறதா என்று பார்க்க முதலில் சிரிக்கச் சொல்வார்கள். வாய் கோணுகிறதா என்று தெரியும். உயிர் போகிற பயத்தில் இருக்கிறவனைச் சுற்றி நின்று, "சிரிங்க, சிரிங்க" என்று மூன்று பேர் கெஞ்சினார்கள்.

"எங்கிட்டுடா சிரிக்கிறது? எவனுக்குடா சிரிப்பு வருது?" என்று ஆரம்பித்து, டாக்டரின் ஃப்ளெக்ஸ் போர்டிலிருந்து அவருடைய மெய்நிகர் உலகம் வரைக்கும் ஒன்றையும் விடாமல் திட்டித் தீர்த்தேன். பாதியில் அந்தப் பெண், "பேச்சு நல்லாத்தான் இருக்கு சார்" என்று டாக்டரிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, கீழே கிடந்த பெட்டியை எடுத்துப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

பெட்டியின் வலது பக்கத்துக் காமிராக்கள் இரண்டின்மேலும் காய்ந்த சந்தனம் அப்பியிருந்தது. நடுவில் பெரிய குங்குமம். இடது பக்கம் பட்டும் படாமல் இருந்தது. அதனால்தான் நேரே இருந்தவரைக்கும் கை தெரிந்திருக்கிறது. வலப்பக்கம் போனதும் காமிராவுக்குக் கண் தெரியவில்லை, கையை வரைய முடியாமல் விட்டுவிட்டது. எல்லோரும் என் மனைவியைப் பார்த்தார்கள்.

"நான் என்னத்தக் கண்டேன்?" என்றாள் அவள். "மொகத்துல கறுப்பு கறுப்பா புள்ளி இருந்துச்சு. பொட்டு வைக்கத்தான் எடம் விட்டுருக்காகன்னு நெனச்சேன். வலது கை சரியாகணும்னு அந்தப் பக்கம் மட்டும் நல்லாக் கெட்டியா வச்சேன்."

மச்சினன் ஆம்புலன்சை நிறுத்தப் போன் போட்டான். இந்தத் தடவை அவசரப்படவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் இப்போது யாரும் சிரிக்கச் சொல்லவில்லை. அப்போதுதான் அந்தப் பெண், "அண்ணாச்சி, ஒங்க கையப் பாருங்க" என்றாள்.

என் வலது கை என் மனைவியின் முன்கையைப் பிடித்திருந்தது. அலறியபோது பிடித்திருக்கிறேன். ஐந்து விரலும் சுற்றி இறுகியிருந்தன. விடலாம் என்று பார்த்தேன், விட முடியவில்லை. விரல்களுக்கு நான் சொல்வது கேட்கவில்லை. அந்தப் பெண்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள். வளையல் பதிந்த இடம் கன்றிப்போய்க் கிடந்தது.

"வலிக்கலையா?" என்றேன்.

"வலிச்சுச்சு. இழுத்தா நீங்க இன்னும் பயந்துருவீகன்னு பேசாம இருந்தேன்."

கண்ணில் நீர் வந்துவிட்டது. சந்தன வாடை என்று சொல்லிச் சமாளித்தேன்.

டாக்டர் என் தோளில் தட்டி, "பார்த்தீங்களா, பிடி வந்துருச்சு! எல்லாம் நம்ம மெஷின்!" என்றார். அடுத்த ஃப்ளெக்ஸ் போர்டு அவர் கண்ணில் தெரிந்தது. மச்சினன், "பிடி வந்துருச்சா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"புடி வந்தது பெருசில்ல" என்றாள் அந்தப் பெண். "வாதம் வந்த கையி ஒரு கட்டத்துல தானா இறுக்கிப் புடிக்கும். விடுறதுதான் கஷ்டம். மெசினுல லேசா வெரலு அசஞ்சாலே கப்பு எறங்கிரும். நெச சாமான் அப்படி எறங்காது. அண்ணாச்சி, அங்க கடையில என்ன செய்வீக, புடிக்கவா, குடுக்கவா?"

கொடுக்கத்தான். அதை யோசித்துப் பார்க்கவே இல்லை. இவ்வளவு நாளும் எடையில்லாத கோப்பையைப் பிடிக்கத் தெரியவில்லையே என்று அழுதுகொண்டிருந்தேன். கடைக்காரன் கையின் வேலையே சரக்கை விடுவதுதான்.

அன்றிலிருந்து காலையில் பெட்டி, சாயங்காலம் வீட்டில் நிஜப் பொட்டலம். பெட்டியில் நிழலைப் போட்டு, உதவியை எடுத்து, இடத்தைக் குறி பார்க்கப் பழகினேன். வீட்டில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை என் மனைவியின் உள்ளங்கையில் விடப் பழகினேன். அவள் கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். "விடுங்க. விடுங்கங்க. அட, குடுக்க மனசு வரலையா?" என்பாள். நான் முறைப்பேன். விரல்கள் பசை போட்டது போல இருக்கும். சீரியல் ஒன்று முடிந்து அடுத்தது ஆரம்பிக்கும், அப்புறம் சுண்டுவிரல் அசையும்.

தை மாதம் ஒரு நாள் காலையில் கடைக்குப் போனேன். மச்சினன் நாற்காலியில் சுழன்று, "வாங்க அத்தான், ஓரமா ஒக்காருங்க" என்றான். என் கடையில் எனக்கு ஓரம் காட்டினான். நான் உட்காரவில்லை. அன்றைய முதல் ஆள் பந்தல்குடி ரோட்டில் டீக்கடை வைத்திருப்பவர். வண்டியை அணைக்காமல் நிறுத்திவிட்டு வந்து, சீனி கேட்டார். மச்சினன் எழுவதற்குள் நான் பொட்டலத்தை வலது கையால் எடுத்தேன். எடுத்து அவரிடம் நீட்டினேன்.

அவர் வாங்கக் கையை நீட்டினார். பொட்டலம் வரவில்லை. லேசாக இழுத்தார். என் விரல்கள் விடவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், பொட்டலத்துக்குக் கீழே தன் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றார். வெளியே வண்டி உறுமிக்கொண்டிருந்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது.

"அத்தான், விடுங்க, நான் குடுக்கிறேன்" என்றான் மச்சினன்.

"நீ இரு."

சுண்டுவிரல் முதலில் விட்டது. அடுத்து மோதிர விரல். கட்டைவிரல்தான் கடைசிவரைக்கும் வம்பு பண்ணியது. பொட்டலம் அவர் கையில் இறங்கியது. சீனியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து, கல்லா பக்கம் திரும்பாமல் என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன், வலது கையால்.

"மாப்ள, எந்திரி" என்றேன்.

என் விரல்கள் விரிய எடுத்துக்கொண்டதைவிட அவன் எழுந்திருக்க அதிக நேரம் எடுத்துக்கொண்டான்.